போலந்துக்காரர் காட்டிய இடங்கள்

போலந்து நாட்டு வரலாற்றை எங்கள் போலந்துக்காரரைப் போல விரிவாகச் சொல்லக்கூடியவர் இந்த இலங்கைத் தீவில் வேறு யாரும் இல்லை. அதில் முக்கால்வாசி தவறு என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. ஆனால் அதற்குள் டயகமப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் முதல் கோயில் பூசாரி வரை எல்லாருக்கும் அது மனப்பாடமாகியிருந்தது.

அவர் போலந்தில் பிறந்தவர் அல்ல. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவர். ஏஜென்சி மூலமாகப் போலந்துக்குப் போய், அங்கே ஏதோ ஒரு கிராமத்தில் காளான் வளர்க்கிற கொட்டகையில் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். துபாய்க்கும் கட்டாருக்கும் போய்வந்தவர்கள் லயத்துக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் பட்டப்பெயர் கிடைக்கவில்லை. போலந்துக்குப் போனவர் இவர் ஒருவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் அப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தலவாக்கலைக்குப் போகவேண்டிய நாட்களில் அவருடைய ஆட்டோவில்தான் போவேன். முதல் பயணத்திலேயே கேட்டேன், "போலந்துல எந்த ஊருங்க?" என்று. அவர் ஒரு சத்தம் எழுப்பினார். தும்மலுக்கும் குக்கர் விசிலுக்கும் இடைப்பட்ட சத்தம். சளி பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்து, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"அதாங்க டீச்சர் ஊரு பேரு," என்றார்.

அன்றே இன்னொன்றும் கேட்டார்.

"நம்ம பக்கம் பாக்குறதுக்கு என்னங்க இருக்கு?"

"மலை இருக்கு, ஆறு இருக்கு, அருவி இருக்கு."

"போர்டு இருக்கா?"

"இல்லையே."

"அப்ப ஒண்ணும் இல்ல," என்று சொல்லி கியரை மாற்றினார்.

பிறகு விளக்கினார். அவர் வேலை பார்த்த ஊரின் ஓரத்தில் ஒரு மேடு. "வெறும் புல்லுங்க. ஆடு கூட இல்ல. ஆனா போர்டு இருக்கு. சனங்க சைக்கிள்ல வருவாங்க. போர்ட படிப்பாங்க. புல்ல பாப்பாங்க. மறுபடி போர்ட படிப்பாங்க. கொண்டுவந்த பாண சாப்பிட்டுட்டு சந்தோசமா போயிடுவாங்க. நம்ம இங்க அருவிய வச்சுக்கிட்டு ஒருத்தனையும் சந்தோசப்படுத்த முடியல."

அந்த மேட்டில்தான் ஒரு ராஜா குதிரையிலிருந்து விழுந்து கோட்டை பறிபோனதாம். போர்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். போர்டு போலந்து பாஷையில் இருந்தது, அதைப் பான் அண்ணன் படித்துச் சொன்னார் என்றார்.

பான் அண்ணன் என்பவர் காளான் கொட்டகையில் இவரோடு வேலை பார்த்த வயதான போலந்து மனிதர். அந்த நாட்டில் 'பான்' என்றால் ஐயா என்று அர்த்தமாம். எங்கள் ஊரிலோ பாண் என்றால் ரொட்டி. ஆகவே லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவர் அங்கே ஒரு பேக்கரி வைத்திருப்பதாகவே நம்பினார்கள். பான் அண்ணனுக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, ஒரு சைக்கிள் மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் தங்கியிருந்த அறையின் கதவைத் தட்டி, இன்னொரு சைக்கிளையும் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். இருவருமாக அந்தக் கிராமத்தைச் சுற்றியிருந்த பார்க்கவேண்டிய இடங்களையெல்லாம் பார்த்தார்கள். பார்த்து முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி பார்த்தார்கள். இருவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். ஆனால் இவருக்குத் தெரிந்த வார்த்தைகள் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தவை இவருக்குத் தெரியாது. எனவே சரித்திரம் முழுவதும் கையால்தான் சொல்லப்பட்டது.

"பான் அண்ணன் போர்ட காட்டினாரு. அப்புறம் இப்படி உக்காந்தாரு, இப்படி சர்ருன்னு போனாரு, அப்புறம் தொப்புன்னு விழுந்தாரு. இத விட வெளக்கமா எப்படிங்க சொல்றது?"

மரத்தாலேயே கட்டிய ஒரு பழைய கோயில் உண்டு. ஆணியே அடிக்காமல் கட்டியதாம். அந்தக் காலத்தில் ஆணி தட்டுப்பாடு என்பது இவருடைய ஆராய்ச்சி. இறக்கை இல்லாத ஒரு காற்றாலை உண்டு. கட்டியவர் பெயரும் கட்டிய வருஷமும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். வருஷம் ஒன்பது இலக்கத்தில் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் வந்தபோது, "அங்க வருசம் நீளம் டீச்சர்" என்றார். ஏரி உண்டு. உருளைக்கிழங்குத் தோட்டத்தை மேலிருந்து பார்ப்பதற்கென்றே மரத்தால் கட்டிய கோபுரம் உண்டு. மின்சாரக் கம்பத்தின் உச்சியில் நாரைக் கூடு உண்டு. நாரை கூடு கட்ட வசதியாக அரசாங்கமே கம்பத்தின் மேல் ஒரு சக்கரத்தைப் பொருத்திக் கொடுத்திருக்கிறதாம்.

"அந்த நாட்டுல கொக்குக்கே வீட்டுத்திட்டம் இருக்குங்க," என்று இதைக் கோயில் கூட்டத்தில் சொன்னார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் பெருமூச்சு விட்டார்கள். எங்களுக்கு வீடு வாங்கித் தருவதாகச் சொல்லிவந்த தோட்டத் தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியாகக் காட்டுக்குள் ஒரு கல். சுற்றிலும் உயரமான மரங்கள், நடுவில் எழுத்துகள் வெட்டிய பெரிய கல். அங்கே மட்டும் பான் அண்ணன் கையால் ஒன்றும் சொல்லவில்லையாம். தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பாராம். "அது சாமிக் கல்லுங்க," என்றார் போலந்துக்காரர். "காவல் தெய்வம். அங்கயும் முனியாண்டி மாதிரி ஒருத்தரு இருக்காரு." ஊரிலிருந்து கொண்டுபோன சூடத்தை ஒருநாள் அதன் முன்னால் கொளுத்தியிருக்கிறார். பான் அண்ணனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். "அவுங்களுக்கு சூடத்துப் பொகை பழக்கமில்ல, பாவம்."

இப்படிப்பட்டவர் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, எங்கள் தோட்டத்தைப் பார்க்கவேண்டிய இடமாக மாற்றியதுதான். பழைய தகரத்தை வெட்டி, வெள்ளை அடித்து, கம்பு நட்டு, போர்டு வைக்கத் தொடங்கினார். தமிழ் அவருடையது. இங்கிலீஷ் என்னுடையது. சிங்களத்துக்கு, காலையில் ஆட்டோவில் சங்கீதம் போட்டுக்கொண்டு வருகிற பாண்காரரைப் பிடித்தார். அவர் இரண்டு பணிஸ் விற்பதற்குள் ஒரு போர்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.

எதை எழுதுவது என்பதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. போலந்து சரித்திரத்தில் காட்டிய தாராளத்தை எங்கள் தோட்டத்துச் சரித்திரத்தில் காட்ட மறுத்துவிட்டார். தெரியாததை எழுதவே மாட்டார். இடிந்த சுவருக்கு முன்னால், "இங்கே ஒரு டிஸ்பென்சரி இருந்தது. இப்போது இல்லை" என்று வைத்தார். ஆற்றுப் பாலத்தில், "இதைக் கட்டியது யாரென்று தெரியாது. நன்றாகக் கட்டியிருக்கிறார்." உச்சிமலைத் திருப்பத்தில், "மழை இல்லாவிட்டால் இங்கிருந்து எல்லாம் தெரியும்." அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கம்பு நட்டு, அதில் "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதினார்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எல்லா எடத்துலயும் என்னமோ நடந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க டீச்சர்."

அவர் மனைவி புஷ்பம் இதை வேறு விதமாகப் பார்த்தாள். கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறும்போது ஒவ்வொரு போர்டாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று சொல்லிக்கொண்டே போவாள். "துபாய்க்குப் போனவன் டிவி கொண்டாந்தான். கட்டாருக்குப் போனவன் பிரிட்ஜ் கொண்டாந்தான். எங்க வீட்டு மனுசன் போலந்துலருந்து போர்டு போடுற வியாதிய கொண்டாந்திருக்காரு." வீட்டுக் கூரைக்கென்று வைத்திருந்த தகரம் பாலத்துக்குப் போய்விட்டதில் அவளுக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

தோட்டத்து மேனேஜரான துரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், இளவயது, தமிழ் நன்றாகவே பேசுவார். "யார்கிட்ட பெர்மிஷன் எடுத்தீங்க?" என்று கேட்டதற்கு, "போலந்துல யாரும் யார்கிட்டயும் கேக்கலீங்க" என்று பதில் வந்தது. துரை சற்று யோசித்துவிட்டு, டிஸ்பென்சரிக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அது நிர்வாகத்தைக் குறை சொல்வது போல இருக்கிறதாம். போலந்துக்காரர் அதைக் கழற்றி, "இங்கே ஒரு போர்டு இருந்தது. இப்போது இல்லை" என்று எழுதித் திரும்ப நட்டார். துரை அதற்குப் பிறகு அந்த வழியாக வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இவ்வளவு போர்டுகளையும் படிக்க ஒருவரும் வரவில்லை. டயகமவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஏறுகிற வெள்ளைக்காரர்கள் வேனில் விர்ரென்று போவார்கள். அவர் சந்தியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவர்களுக்குக் கைகாட்டுவார். அவர்களும் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வெளியே வரும்போது, ஆட்டோ கோயில் வாசல் வரைக்கும் வந்து நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"டீச்சர், சீக்கிரம் வாங்க. போலந்து வந்திருக்கு."

நாடு முழுவதும் அல்ல, இரண்டு பேர். ஒரு இளம் பெண், காஸ்யா என்று பெயர். அவள் புருஷன், ரொம்ப உயரம். ஆட்டோவுக்குள் குனிந்து உட்கார்ந்தவன் அன்று முழுவதும் குனிந்தே இருந்தான். அருவி பார்க்க வந்து பஸ்ஸைத் தவறவிட்டு, பஸ் தரிப்பிடத்தில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"சண்டை போட்ட சத்தத்த வச்சுத்தான். எங்க போர்மேன் அப்படித்தான் ஏசுவாரு."

போலந்து பாஷையில் அவருக்கு வணக்கம் சொல்லத் தெரியும். அதைச் சொன்னதும் அந்த இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டார்கள். காஸ்யாவுக்கு இங்கிலீஷ் தெரிந்ததால் நான் தமிழாக்க வேண்டியதாயிற்று. பூசைக்குக் கட்டிய சேலையோடு ஆட்டோவின் முன்பக்கத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கே முதன்முறையாகச் சுற்றுலா போனேன்.

அன்று மேகம் கீழே இறங்கியிருந்தது. ஆட்டோவின் முன்சக்கரம் தெரிந்தது; அதற்கு அப்பால் தெரியவில்லை. போலந்துக்காரர் ஒரு இடத்தையும் விடவில்லை. "இந்தப் பக்கம் ஹோர்ட்டன் சமவெளி," என்று வெள்ளைப் புகையைக் காட்டினார். "அந்தப் பக்கம் அருவி," என்று வேறொரு வெள்ளைப் புகையைக் காட்டினார். அவர்கள் போர்டைப் படித்தார்கள். புகையைப் பார்த்தார்கள். மறுபடி போர்டைப் படித்தார்கள். 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்ற போர்டுக்கு முன்னால் அந்த உயரமான பையன் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அதோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போலந்துக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், சொன்னேனா இல்லையா என்று இருந்தது.

பிறகு லயத்துக்கு அழைத்துப்போனார். புஷ்பம் ரொட்டி சுட்டு, மிளகாய் வைத்துக் கட்டச்சம்பல் அரைத்து, சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பையன் சம்பலை ஜாம் என்று நினைத்துத் தாராளமாகத் தடவிக்கொண்டான். அவன் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை கொஞ்சநேரம் பேச்சு தடைப்பட்டது. அந்த இடைவெளியில்தான் போலந்துக்காரர் போனை எடுத்து, அந்தக் கிராமத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினார்.

முதலில் புல்மேடு. "ராஜா விழுந்த எடம், சொல்லுங்க டீச்சர்." சொன்னேன். காஸ்யா படத்தைப் பெரிதாக்கிப் போர்டைப் படித்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: பனிக்காலத்தில் இங்கே சறுக்கி விளையாடுகிறவர்கள் விழுந்தால் ஊர்ச்சபை பொறுப்பல்ல என்று எழுதியிருக்கிறது.

நான் அதைத் தமிழில் சொன்னேன். போலந்துக்காரர் போனை வாங்கி அந்தப் புல்லை ஒருமுறை பார்த்தார்.

"ராஜா பனிக்காலத்துல விழுந்திருப்பாரு," என்றார்.

அடுத்தது காற்றாலை. கட்டியவர் பெயர், கட்டிய வருஷம். காஸ்யா படித்தாள். 'விற்பனைக்கு' என்று எழுதி, அடியில் டெலிபோன் நம்பர் போட்டிருந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை. அவள் ஏசினால் ஏசுவாள்; பிறத்தியார் முன்னால் அவரை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. "அந்த மரக் கோயில காட்டுங்க," என்றாள். மரக் கோயில் மரக் கோயிலாகவே இருந்தது. ஆணி இல்லை என்பதும் உண்மையாக இருந்தது. எல்லாருக்கும் கொஞ்சம் ஆறுதலாயிற்று.

கடைசிப் படம் காட்டுக்குள் இருந்த கல். படத்தில் பான் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் கல்லில் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

காஸ்யா படித்துவிட்டுப் புருஷனிடம் போனைக் கொடுத்தாள். அவனும் படித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்தக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஊர் மக்கள் அந்த இடத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லில் இருப்பவை அவர்களுடைய பெயர்கள். தங்கள் நாட்டில் இப்படி நிறையக் காடுகள் உண்டு என்று காஸ்யா சொன்னாள். பிறகு, "உங்கள் நண்பருடைய முழுப் பெயர் என்ன?" என்று கேட்டாள். வேலைச் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் போலந்துக்காரர் எழுத்துக் கூட்டிச் சொன்னார். படத்தில் பான் அண்ணனின் விரல் தொட்டுக்கொண்டிருந்த வரியிலும் அதே குடும்பப் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் வெட்டியிருந்த வயதைப் பார்த்தால் ஒரு சின்னக் குழந்தை. பான் அண்ணன் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட ஒரு அக்காவாக இருக்கலாம் என்றாள்.

நான் இதையெல்லாம் தமிழில் சொல்லி முடிக்கும்வரை போலந்துக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சூடத்துப் பொகைன்னு நெனச்சேன் டீச்சர்," என்றார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு அவர் கொஞ்ச நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆட்டோவில் ஏறினால் போலந்து கிடையாது. நாரையும் கிடையாது. தலவாக்கலை வரைக்கும் எஞ்சின் சத்தம் மட்டும்தான். அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று.

பிறகு ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது புதுத் தகரத்தோடு நின்றார்.

"டீச்சர், இங்கிலீசு ஒண்ணு வேணும்."

"என்னன்னு?"

"எங்க ஆளுங்க இங்க இருக்காங்க."

"இருந்தாங்கன்னா, இருக்காங்கன்னா?"

"இருக்காங்க," என்றார். அதைத் தவிர வேறொன்றும் எழுதச் சொல்லவில்லை.

பாடசாலைக்குக் கீழே, தேயிலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த பழைய மயானத்தில் அந்தப் போர்டை வைத்தார். கல்லறை என்று அங்கே ஒன்றும் கிடையாது. புதைத்த இடத்தில் ஒரு கம்போ கல்லோ நடுவார்கள். இரண்டு மழைக்கு மேல் எதுவும் நிற்காது. புல்லும் சில வாகை மரங்களும்தான். யாராவது வெளியூர்க்காரர் பார்த்தால் வெறும் தரிசு என்றுதான் சொல்வார்.

அப்படித்தான் சொல்லியும் இருந்தார்கள். தோட்டத்தின் பழைய பங்களாவை வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியாக மாற்றப்போகிறார்கள், அதற்குப் புதிதாகப் பாதை வெட்டுகிறார்கள் என்று அந்த மாதம் முழுவதும் பேச்சு அடிபட்டது. எந்தப் பக்கமாக வெட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலை, இடைவேளை மணி அடித்த நேரம், கீழே மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்தின் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். சிவப்புத் துணி கட்டிய முளைகள் தேயிலையிலிருந்து நேராக வந்து, மயானத்தின் நடுவால் போய், அந்தப் பக்கம் வெளியேறியிருந்தன. போலந்துக்காரர் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், இல்லை இயந்திரத்துக்கு முன்னால் படுத்திருப்பார்கள். இவர் பெக்கோ ஓட்டிய சிங்களப் பையனைப் பார்த்துச் சிரித்து, வாங்க என்று கையைக் காட்டி, இறங்கச் சொன்னார். வந்தவரைச் சுற்றிக் காட்டாமல் அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. பையன் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்தான். பாண்காரர் எழுதிய சிங்களத்தைப் படித்தான். படித்துவிட்டு, சுற்றிலும் பார்த்தான். புல்தான் இருந்தது. மறுபடி போர்டைப் பார்த்தான்.

"யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

போலந்துக்காரருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பான் அண்ணனைப் போல கையைத் தூக்கினார். பாதியில் கீழே போட்டுவிட்டார்.

அந்த நேரம் மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த புஷ்பம் கூடையோடு இறங்கி வந்துவிட்டாள். அந்தப் போர்டுகளை இவ்வளவு நாளும் ஏசிக்கொண்டே போனவள், இதற்கு முன்னால் மட்டும் நின்றாள். கூடையை இறக்கி வைத்தாள். வாகை மரத்தடியில் ஒரு இடத்தைக் காட்டி, அந்தப் பையனிடம் சிங்களத்தில் சொன்னாள்:

"மகே லொக்கு லமயா மெத்தன இன்னவா."

என் மூத்த பிள்ளை இங்கே இருக்கிறது என்று அர்த்தம். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது நடந்தது போலும், எனக்கு அது தெரியாது. அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள். அதற்கு முன்னால் ஒன்று பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது என்பதை அவ்வளவு பேசிய மனிதர் ஒரு பயணத்தில்கூட என்னிடம் சொன்னதில்லை.

பையன் திரும்பிப் போய் எஞ்சினை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் இதற்கு மேல் ஓட்ட மாட்டேன், எனக்கும் வீடு வாசல் இருக்கிறது" என்று துரைக்குப் போனில் சொல்லிவிட்டான்.

அதற்குள் மலையிலிருந்த எல்லாப் பெண்களும் இறங்கிவிட்டார்கள். பெரிய அழுகை எழும் என்று நினைத்தேன். சண்டைதான் எழுந்தது. ஒரு புதருக்கு அடியில் தன் மாமனார் இருப்பதாக ஒருத்தி சொல்ல, அது தன் அப்பன் என்று இன்னொருத்தி சொல்ல, அவன் குடித்துவிட்டு ஊர் எல்லாம் படுத்தவன், செத்தும் அடுத்தவன் இடத்தில் படுத்திருக்கிறானா என்று முதலாமவள் கேட்க, துரை வந்து சேர்ந்தபோது அவர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு போர்டை மூன்று மொழியிலும் படித்தார். மூன்றிலும் ஒன்றேதான் எழுதியிருந்தது. தரிசு என்று அவரிடம் சொல்லியிருந்த ஆளைத் தேடிப் பார்த்தார். அந்த ஆள் அன்று வேலைக்கு வரவில்லை.

மேலிடத்தோடு பேச வேண்டும் என்றார். பேசினார். நல்லபடியாகப் பேசியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து முளைகளைப் பிடுங்கி வேறு பக்கம் நட்டார்கள். நேராக வரவேண்டிய பாதை, மயானத்துக்கு முன்னால் ஒடிந்து, ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அந்த வளைவைத் திட்டுகிறார்கள். போலந்துக்காரர் அங்கே ஒரு போர்டு வைத்தார். அதில் 'வளைவு' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குத் தகரம் கொடுத்தது புஷ்பம்.

அடுத்த வருஷம் எனக்கு வட்டவளைக்கு மாற்றம் வந்தது. பழகிய ஊரை விட்டு முதன்முறையாகத் தனியாகப் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு அறை. பாடசாலை, அறை, பாடசாலை, அறை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தால், பிறகு பகல் முழுவதும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு, கதவைத் தட்டினார்கள். திறந்தால் போலந்துக்காரர். பின்னால் ஆட்டோவில் புஷ்பம், மடியில் சோற்றுப் பார்சலோடு. டயகமவிலிருந்து அந்த ஆட்டோவிலேயே வந்திருக்கிறார்கள்.

"தனியா இருப்பீங்கன்னு இவருதான் சொல்லிக்கிட்டே இருந்தாரு," என்றாள் புஷ்பம்.

"ஊர சுத்திப் பாத்திட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் இல்லீங்க."

"நெனச்சேன். ஏறுங்க."

அவர் வட்டவளைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வழியில் ஒரு தேநீர்க் கடையில் விசாரித்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று பின்னேரம் வரைக்கும் அந்த ஊரை எனக்குச் சுற்றிக் காட்டினார். ரயில்வே வளைவில் எந்தத் துரையின் தொப்பி பறந்தது, அந்தக் கோயில் மணி ஏன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பாலத்துக்குக் கீழே ஆறு எதற்காகக் கோபித்துக்கொண்டு திரும்பியது, எல்லாம் சொன்னார். புஷ்பம் இடையிடையே, "கேக்காதீங்க டீச்சர், எல்லாம் பொய்யி" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். இப்போது வட்டவளையில் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். அவர் அன்று சொன்னதெல்லாம் உண்மைதானா என்று, இன்று வரைக்கும் நான் அவர்களில் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.